தொக்கும் தோக்கும்

இதுவரை மூன்று முதலமைச்சர்கள் என் துப்பாக்கியால் செத்திருக்கிறார்கள். உள்துறை மந்திரிகள் எத்தனை பேர் என்று நினைவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் மட்டும் தோளில் குண்டு பட்டுப் பிழைத்தார். இரண்டாம் பாகத்துக்கு அவர் தேவைப்பட்டார். இவ்வளவு ரத்தக்களரிக்கும் காரணமான நான் திருவனந்தபுரம் கரமனையில் அக்ரஹாரத் தெருவில் குடியிருக்கிறேன். கரப்பான்பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள். சினிமாவுக்கு டம்மித் துப்பாக்கி செய்து கொடுப்பது என் தொழில்.

டம்மி என்றதும் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? உடம்பு பிளைவுட். குழலுக்கு பி.வி.சி. பைப். ரைஃபிளின் பக்கவாட்டில் சரக்கென்று இழுத்துவிடுவார்களே, அது கதவுத் தாழ்ப்பாள். சாலைக் கடைத்தெருவில் என்னைக் கண்டாலே இரும்புக்கடைக்காரர் நாலு அளவில் தாழ்ப்பாளை எடுத்துப் பரப்பிவிடுவார். நான் ஊரெங்கும் வீடு கட்டி விற்கிறேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். கறுப்புப் பெயிண்ட் காய்ந்ததும் பென்சில் கரியைப் பொடித்துத் துணியால் தேய்த்தால் இரும்பின் மினுக்கம் வந்துவிடும். கைப்பிடிக்கு எது கிடைக்கிறதோ அது. இப்போது நான் சொல்லவரும் படத்தில், வில்லனின் பிஸ்டலுக்கு எங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரின் கைப்பிடி அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

அது ஓர் அரசியல் படம். வார்டு மெம்பருக்கு நாட்டுத் துப்பாக்கி. எம்.எல்.ஏ.வுக்கு ரிவால்வர். மந்திரிக்கு இரண்டு கையிலும் பிஸ்டல். நேர்மையான முதலமைச்சராக வரும் கதாநாயகனுக்கு, பார்த்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும் போலவும், தூக்கினால் ஒரு கிலோகூட இல்லாமலும் ஓர் இயந்திரத் துப்பாக்கி. பதவி ஏற ஏறக் குழலின் நீளமும் ஏற வேண்டும் என்பது டைரக்டரின் அரசியல் சித்தாந்தம். வில்லனின் துப்பாக்கி கதாநாயகனுடையதைவிட அரை இஞ்ச் நீளம் என்று ரசிகர் மன்றத்து ஆள் ஒருவர் டேப் வைத்து அளந்து சொன்னார். நான் அதை அறுத்துக் குறைத்துக் கொடுத்த பிறகுதான் ஷூட்டிங் நடந்தது.

பெரிய தலைவலி வேட்டி. கேரளத்து அரசியல்வாதி வெள்ளை வேட்டியில்தான் வருவார். கோபம் வந்தால் அதை மடித்துக் கட்டுவார். மடித்துக் கட்டுகிற நேரத்தில் இடுப்பில் செருகிய துப்பாக்கி காலடியில் விழும். மடித்துக் கட்டாமல் சண்டை போட்டால், என்ன இவருக்குக் கோபமே வரவில்லையா என்று தியேட்டரில் கூவுவார்கள். கடைசியில் வேட்டிக்குள் ஒரு பெல்ட்டைக் கட்டி, பெல்ட்டில் காந்தமும் துப்பாக்கியில் தகடும் வைத்துச் சமாளித்தேன். ஜனநாயகத்தை அந்தப் படத்தில் தாங்கிப் பிடித்தது என் காந்தம்தான்.

மனைவி வீட்டில் தொக்கு போடுவாள். மாங்காய், தக்காளி, இஞ்சி என்று மூன்று வகை. கரமனையிலும் வலியசாலையிலும் அவள் தொக்கு போகாத வீடு குறைவு. ஆனால் நான் கலை, சினிமா என்று அலைகிறவன். அவள் பாட்டுக்கு அடுக்களையில் எதையோ கிளறிக்கொண்டிருக்கிறாள் என்கிற அளவில்தான் அதைப் பற்றி எனக்கு எண்ணம் இருந்தது.

எங்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். அந்த மாதம் அவளுக்குப் பிரசவம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. அவருக்கு ஷிஃப்ட் வேலை வேறு. "அம்மா பக்கத்துல இருந்தா போறும், எனக்குப் பயமா இருக்கு" என்று பெண் போனில் அழுதாள். அன்றிலிருந்து மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும். ஷூட்டிங், ஷூட்டிங் என்று தள்ளிப்போட்டது நான். ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு முதல் பாஸ்போர்ட். நான்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. டாக்டர் குறித்த தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் சின்ன வயதுக்காரர். வடக்கே மலையோரத்து ஊரிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மனுதாரரைப் பற்றி அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும் என்பது முறை. முதலில் எதிர்வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டு மாமா பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். யாராவது எதையாவது விசாரித்தால் அவருக்கு உற்சாகம் தாங்காது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மலையாளத்தில் துப்பாக்கிக்குத் தோக்கு என்று பெயர். தமிழில் தொக்கு என்றால் சாதத்தில் பிசைந்துகொள்வது. நடுவில் இருப்பது ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் தெருக்காரர்கள் மலையாளத்தோடு பழகிப் பழகி எதையும் இழுத்துத்தான் பேசுவோம். எங்கள் வாயில் குறிலுக்கு ஆயுசு கம்மி.

"மாமியா? தங்கமான மனுஷி சார்" என்று மாமா ஆரம்பித்திருக்கிறார். "மாமியோட தோ...க்கு இல்லாத வீடு இந்தத் தெருவிலே கிடையாதாக்கும்."

போலீஸ்காரர் பேனாவை எடுத்தார். "எல்லா வீட்டிலும் உண்டோ?"

"பின்னே? என் மருமான் டெல்லியிலே இருக்கான். போன வாரம்கூட ரெண்டு கொடுத்தனுப்பினேன். நன்னாப் பொதிஞ்சு, துணிமணிக்கு நடுவிலே வெச்சு. இல்லேன்னா ஏர்போர்ட்டிலே பிடிச்சுண்டுடுவா."

அடுத்த வீட்டு டீச்சர் மாமி அதற்கு ஒரு படி மேலே போனாள். "பவர் பயங்கரம், கேட்டேளா. போன வருஷம் கோவில் உற்சவத்திலே மாமி சும்மா கொண்டுவந்து போட்டா. நூறு பேர் கண்ணுலே ஜலம்!"

இதெல்லாம் பிறகு அவர்களே பெருமையாக என்னிடம் சொன்னது. எங்களுக்கு நல்ல சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்ட திருப்தி இருவர் முகத்திலும் வழிந்தது.

கடைசியாகப் போலீஸ்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். அக்ரஹாரத்து வீடுகளின் அமைப்பு ஒரு மாதிரி. வாசலில் நின்றால் பின்முற்றம் வரைக்கும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். பின்முற்றத்து வெயிலில் ஒரு பாயில் மனைவியின் தொக்குப் பரணிகள், அதாவது பீங்கான் ஜாடிகள், வரிசையாக இருந்தன. பக்கத்துப் பாயில் பெயிண்ட் காய்வதற்காக நான் பரப்பி வைத்த பதினொரு துப்பாக்கிகள். நான் தாழ்ப்பாள் வாங்கச் சாலைக்குப் போயிருந்தேன். "வாங்கோ சார், உக்காருங்கோ, மோர் கொண்டுவரட்டுமா?" என்று மனைவி கேட்டிருக்கிறாள். அவர் உட்காரவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். "சாமியோடு ஸ்டேஷனில் வரான் பறயணும்" என்று, என்னை அங்கே வரச் சொல்லிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டாமலே படியிறங்கிப் போனார்.

"ரொம்ப மரியாதைக்காரப் பிள்ளை. பின்பக்கமாவே நடந்து போறது" என்றாள் மனைவி.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் எல்லைப்புறத்துக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். விசாரணை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். குறில், நெடில், மாங்காய், பிளைவுட் எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். வாயோரத்தில் சிரிப்புக்கூட வந்தது. எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"எனக்கு மனசிலாச்சு சாமி" என்றார். "ஃபயலுக்கு மனசிலாகணுமே."

"அது டம்மி சார்."

"டம்மிதான்னு காட்ட என்ன பேப்பர் உண்டு? ஒறிஜினல் தோக்குன்னா பிரச்சனையே இல்லை. லைசென்ஸ் காட்டினா மதி, போதும். இதுக்கு என்ன காட்டுவிங்க?"

இருபத்திரண்டு வருடம் பொய்த் துப்பாக்கி செய்ததற்குப் பதிலாக ஒரு நிஜத் துப்பாக்கியை வாங்கி வைத்திருந்தால் மனைவிக்கு எப்போதோ பாஸ்போர்ட் வந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் இன்னொரு தாளைப் புரட்டினார். "வேறொண்ணும் உண்டு. பாரத்திலே அம்மாவுக்கு ஜோலி ஒண்ணும் இல்லை, ஹோம் மேக்கர்னு போட்டிருக்கு. தெருவிலே கேட்டா வியாபாரம், கச்சவடம் உண்டுன்னு ரெண்டு பேர் வாக்குமூலம் கொடுத்திருக்கு. ரெண்டிலே ஒண்ணு பொய்யல்லே? சினிமாக் கம்பெனி கிட்டேந்து ஒரு லெட்டராவது கொண்டுவாங்க, பாக்கலாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் லெட்டர் விஷயத்தைச் சொன்னேன். அந்த இரண்டாவது விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. பாரத்தை நிரப்பும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு நினைவு வந்து உறுத்தியது.

கம்பெனியின் புரொடக்ஷன் மானேஜரைப் பிடிக்க நாலு நாள் ஆனது. பிடித்தால், லெட்டர் தரமுடியாது என்றார். கதாநாயகனின் துப்பாக்கி எப்படி இருக்கும் என்பது பரம ரகசியமாம். லெட்டரில் எழுதினால் வெளியே போய்விடுமாம். "சார், அதில் பாதி பி.வி.சி. பைப். வெளியே போனால் போகட்டும்" என்று கத்தினேன். பெண் மஸ்கட்டில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிக் கெஞ்சினேன். மனிதர் மனமிரங்கினார். இரண்டு நாளில் கம்பெனியின் சிங்க முத்திரை போட்ட வழுவழுப்பான தாளில் லெட்டர் வந்தது. என்னைக் கௌரவப்படுத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இங்கிலீஷில் இப்படி எழுதியிருந்தார்: இன்னார் எங்களுடைய நம்பிக்கைக்குரிய ஆர்ம்ஸ் சப்ளையர், பல வருடங்களாக நாங்கள் கேட்கும் எண்ணிக்கையில் ஆயுதங்களை உரிய நேரத்தில் வழங்கிவருகிறார்.

அந்த லெட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் பாஸ்போர்ட் என்ன, எனக்கு ஜாமீன்கூடக் கிடைக்காது. இந்தப் படத்தில்தான் ஒரு காட்சி உண்டு. விதவை ஒருத்தியின் மனு ஆபீசில் தூங்குகிறது. கதாநாயகன் என் இயந்திரத் துப்பாக்கியோடு மேஜை மேல் ஏறி நிற்கிறார். ஒரு நிமிஷத்தில் கையெழுத்தாகிறது. அதை எடுத்தபோது நான் பக்கத்தில் நின்று கைதட்டியவன். இப்போது அதே துப்பாக்கிகள் பதினொன்றும் என் வீட்டில் இருக்க, ஒரு காகிதத்தை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்த வழி தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தேன். டாக்டர் குறித்த தேதிக்குப் பதினாலு நாள்தான் இருந்தது.

மனைவி லெட்டரை வாங்கிப் படித்தாள். தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அடித்துக்கொள்ளவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு துணிப்பையில் மாங்காய்த் தொக்குப் பரணி ஒன்றை வைத்தாள். பின்கட்டுக்குப் போய் வில்லனின் பிஸ்டலை எடுத்து அதே பையில் போட்டாள்.

"ஏன்னா, ஆட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றாள்.

"அந்தப் பையோடயா ஸ்டேஷனுக்கு? உள்ளே விடுவாளா?"

"மோர் வேண்டாம்னு போனாரே அந்தப் பிள்ளை, அவர் விடுவார்."

விட்டார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நுழைந்ததும் அந்தச் சின்ன வயதுப் போலீஸ்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவள் நேராகச் சப் இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போனாள். பரணியை எடுத்து இடது பக்கம் வைத்தாள். பிஸ்டலை எடுத்து வலது பக்கம் வைத்தாள்.

"சார், இது தொக்கு. இது தோக்கு. ரெண்டையும் எடுத்துப் பாருங்கோ. எது ஆளைக் கொல்லும்னு நீங்களே சொல்லுங்கோ."

சப் இன்ஸ்பெக்டர் பிஸ்டலைக் கையில் எடுத்தார். கனமாக இருக்கும் என்று நினைத்து எடுத்ததால் கை விருட்டென்று மேலே போயிற்று. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியைத் தடவினார்.

"இது எவிடெயோ கண்டிட்டுண்டல்லோ" என்றார்.

"எல்லார் ஆத்திலேயும் கண்டிருப்பேள். குக்கர் கைப்பிடியாக்கும். ஒரு மாசமா நான் துணியைச் சுத்திப் பிடிச்சு இறக்கிண்டிருக்கேன். இதோ பாருங்கோ" என்று உள்ளங்கையில் சூடு பட்ட தழும்பைக் காட்டினாள்.

ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தழும்பை அப்போதுதான் பார்க்கிறேன் என்பது உறைத்ததும் நிறுத்திக்கொண்டேன். சப் இன்ஸ்பெக்டர் பரணியைத் திறந்து சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். சுவரோரத்துப் போலீஸ்காரரைக் கூப்பிட்டு அவர் நாக்கிலும் வைக்கச் சொன்னார். அந்தப் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதாணோ தொக்கு?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது தடவை விரலை விட்டார்.

"சரி, அறிக்கையைத் திருத்தலாம்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "அம்மாவுக்கு ஜோலி என்னன்னு எழுதட்டும்?"

வாய் பழக்கத்தில் "ஹோம் மேக்கர்" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படியா எழுதியிருக்கு பாரத்திலே?"

சப் இன்ஸ்பெக்டர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். இறங்கிய குரலில் சொன்னாள். "எழுதிக்கோங்கோ சார். தொக்கு வியாபாரம். பதினெட்டு வருஷமாச்சு. எங்க பொண்ணு படிச்சது இதிலேதான். இவருக்குப் படம் இல்லாத வருஷமெல்லாம் நாங்க சாப்பிட்டதும் இதிலேதான்."

"ஹஸ்பண்டுக்கு?"

"பொம்மை பண்றார்."

அவர் அப்படியே எழுதினார். மூன்று முதலமைச்சர்களைச் சாய்த்தவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெட்கமாக இருந்தது. பொம்மை என்றதற்காக இல்லை. அவள் சொன்ன அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. திரும்பும்போது ஆட்டோவில் மன்னிப்புக் கேட்டேன். "முதல்லே குக்கருக்குக் கைப்பிடி வாங்குங்கோ" என்றாள்.

பாஸ்போர்ட் எட்டாம் நாள் வந்தது. மாப்பிள்ளை அங்கிருந்து விசாவுக்கு ஓடினார். குறித்த தேதிக்கு இரண்டே நாள் இருக்கும்போது மனைவி விமானம் ஏறினாள். நானும் போயிருக்க வேண்டியதுதான். ஆனால் படத்தின் கடைசிச் சண்டை அந்த வாரம், நாற்பது துப்பாக்கி. எந்தத் தாழ்ப்பாள் எப்போது கழன்றுவிழும் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

பூட்டிக் கிடந்த ஒரு பழைய மில்லைத் தலைமைச் செயலகமாக்கியிருந்தார்கள். பட்டப்பகல். கதாநாயகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வருவார். கீழே இருந்து நாற்பது பேர் சுடுவார்கள். அவர் மேல் ஒன்றும் படாது. அவர் சுட, நாற்பது பேரும் சாக வேண்டும். வெடிக்காரர் மூலைக்கு மூலை மருந்து வைத்திருந்தார். டைரக்டர் "ஆக்ஷன்" என்றதும் கட்டிடமே அதிர்ந்தது.

சட்டைப் பையில் போன் துடித்தது. ஷூட்டிங்கில் போனை எடுக்கக் கூடாது. மஸ்கட் நம்பரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். மனைவி ஏதோ சொல்கிறாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "கேக்கறதா?" என்பது மட்டும் காதில் விழுந்தது. அதற்குள் அடுத்த வெடி. "என்ன ஆச்சு? பொண்ணு நன்னா இருக்காளா?" என்று நான் கத்தினேன். அவளும் அங்கே கத்தினாள். ஓர் எழுத்துக்கூடப் புரியவில்லை. என் பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல், முதலமைச்சர் உயிரோடு இருப்பதற்காக இங்கே இத்தனை சத்தம்.

வெளியே போகிற கதவு எதிர்ப்பக்கம் இருந்தது. நான் யோசிக்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு புகைக்குள் இறங்கி, செத்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஓடினேன். காமிராவுக்கு நேராக ஓடியிருக்கிறேன்.

"கட்! கட்!" என்று டைரக்டர் அலறினார். "ஆருடா அது?"

வெடி நின்றது. கதாநாயகன் படிக்கட்டில் நின்றார். செத்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அந்த அமைதியில் என் போனுக்குள்ளிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது. அதன் பின்னால் என் பெண்ணின் குரல், "அம்மா, அப்பாவா?" என்று களைத்துப்போய்க் கேட்டது. நான் அங்கேயே பிணங்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

டைரக்டர் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் திட்டாமல் நின்றார். கதாநாயகன் இயந்திரத் துப்பாக்கியைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"சாமி, ஆணோ பெண்ணோ?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டேன்.

"பொண்ணு, பொண்ணுன்னு நாலு தரம் சொல்லியாச்சு" என்றாள் மனைவி. "அங்கே அந்தச் சனியனை எல்லாம் நிறுத்தினாத்தானே உங்க காதுலே விழும்?"